நகராத பஸ்ஸில் மாப்பிள்ளை விசாரணை

எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளையை விசாரிப்பார்கள். மாப்பிள்ளையிடமே கேட்கமாட்டார்கள், அவன் எப்படியும் பொய்தான் சொல்வான் என்பது ஊரறிந்தது. அவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போவார்கள். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பார்கள். எதிர் டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, "இந்தக் கம்பெனில நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன்..." என்று இழுப்பார்கள். பையன் எப்படி, யாரோடு வருகிறான், யாரோடு போகிறான், சிகரெட் உண்டா, அது எந்தச் சிகரெட், எல்லாம் அந்த ஒரு டீயில் வந்துவிடும். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் சித்தப்பா திருப்பூர் வரைக்கும் போய், கடை கடையாக டீ குடித்து, வயிற்றெரிச்சலோடும் நல்ல சேதியோடும் திரும்பினார்.

என்னை விசாரிக்கச் சென்னைக்குப் போனவர் பாவம். பெண்ணின் தாய்மாமன் அவர். என் விசிட்டிங் கார்டில் இருந்த விலாசத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடத்தில் மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறியிருக்கிறார். அங்கே பூட்டிய கண்ணாடிக் கதவு. கதவில் 'டு லெட்' பலகை. டீ கூடக் குடிக்காமல் போடிக்குத் திரும்பியவர் சொன்ன ஒரே வாக்கியம், எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

"மாப்பிள்ளையோட கம்பெனியவே காணோம்."

நான் வேலை பார்த்தது கடைகளுக்குப் பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது. பிறவியிலேயே எனக்கு அந்தக் குணம் உண்டு என்று அம்மா சொல்வாள். பால் புட்டியைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேனாம்.

அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்ததற்கு அடுத்த வருஷம் எங்கள் மேனேஜர் எல்லோரையும் கூட்டினார். விருப்பம் இருப்பவர்கள் இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், லேப்டாப்பும் இன்டர்நெட்டுக்கு டேட்டா கார்டும் கம்பெனி கொடுக்கும் என்றார்.

"எத்தனை நாளைக்கு சார்?" என்று கேட்டேன்.

"நிரந்தரமா."

மெஸ் சாம்பார் நெஞ்சுக்கு ஏறிவிட்டிருந்த நேரம். கையைத் தூக்கினேன். அண்ணாந்து பார்த்தால் என் கை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரன் குனிந்து காதில் சொன்னான்: "வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டு மேல மஞ்சத்தண்ணி தெளிச்சதும் அது தலைய ஆட்டுமே, அந்த மாதிரி கையத் தூக்கிட்டியேடா."

அன்றைக்கு ஏறிய பயம் இறங்கவே இல்லை. ஊருக்கு வந்த பிறகு மேனேஜரிடமிருந்து போன் வந்தால் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுகொள்வேன். இதுதான் கடைசி போன், நிற்கிற மரியாதையாவது மிஞ்சட்டும் என்று. அவர் பக்கத்திலிருந்து அடிக்கடி குக்கர் விசில் கேட்கும். கேன்டீன் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நான் வந்த பிறகுதான் எல்லா வசதியும் செய்கிறார்கள் என்று அதற்கும் ஒரு வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. வந்த புதிதில் "லீவா?" என்றார்கள். கொஞ்சநாள் போனதும் "லீவு ரொம்பவோ?" என்றார்கள். அப்புறம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் கடந்து போனதும் பேச்சு ஆரம்பமாவது முதுகில் உறைத்தது. வேலை போய்விட்டது என்று ஒரு கட்சி. காதல் தோல்வி என்று இன்னொரு கட்சி. என் முகத்தைப் பார்த்தும் அப்படி நினைத்தவர்களுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"என்னமும் கையாடல் கீயாடல் பண்ணிட்டியாப்பா? ஆத்தாட்ட சொல்லிரு. நகைய வச்சாவது கட்டிரலாம்."

"அம்மா, நான் வேலை பாக்குறேம்மா. வீட்ல இருந்தே."

"அதான் கேக்குறேன். வீட்ல இருக்கவனுக்கு எவன் சம்பளம் கொடுக்குறான்?"

வீட்டில் உட்கார்ந்தும் வேலை பார்க்க முடியவில்லை என்பது தனிக்கதை. தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டுக்குள் டேட்டா கார்டின் விளக்கு எரியவே எரியாது. லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததில் (அதைப் பார்த்துத்தான் காதல் தோல்விக் கட்சி பலம் பெற்றது) சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்து மேட்டில் விளக்கு நன்றாக எரிவது தெரிந்தது. அந்த மேட்டில் நின்றது ஒரு பஸ்.

சித்தப்பா ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸில் பங்குதாரர். தொழிலை விற்றபோது முன்பக்கம் மூக்கு நீண்ட இந்தப் பழைய வண்டியை மட்டும் யாரும் சீண்டவில்லை. இஞ்சினை ஒரு விசைப்படகுக்காரர் கழற்றிக்கொண்டு போனார். ஆக, பஸ்ஸின் பாதி கடலில் ஓடிக்கொண்டிருந்தது, மீதி எங்கள் மேட்டில் உரமூட்டையும் மருந்தடிக்கிற பம்புமாகக் குந்தியிருந்தது. கோழிகள் வேறு ஜன்னலோர சீட்டுகளைப் பிடித்து வைத்திருந்தன. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கழுவினோம். சீட்டுகளைக் கழற்றினோம். துருவேறி வர மறுத்த பின்பக்க நீள சீட்டும் முன்னால் ஒரு சீட்டும் நின்றுவிட்டன. முன் சீட்டுக்கு எதிரே ஒரு பழைய கதவைப் படுக்கப்போட்டு மேஜையாக்கினேன். கரண்ட் போகிற நேரத்துக்கு டிராக்டர் பேட்டரி. என் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. அதை அழிக்கச் சித்தப்பா சம்மதிக்கவில்லை, ஒரிஜினல் பெயின்டாம்.

டிரைவர் பக்கத்து ரப்பர் ஹாரனும் ஒரிஜினல். தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா அதை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் போவார். பெரும்பாலும் நான் மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கும்போது.

"எங்க இருக்க நீ?" என்பார் மேனேஜர்.

"பஸ்ல சார்."

"நேத்தும் பஸ்ல இருந்த?"

"ஆமா சார்."

பஸ்ஸுக்கு இஞ்சின் இல்லை என்கிற விஷயத்தை எந்த இடத்தில் சொல்ல ஆரம்பிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கேரளா பார்டர் பக்கத்தில், பாதையோரம், ஜன்னல் சாத்திய பஸ்ஸுக்குள் ஒருவன் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தால் என்னவென்று நினைப்பார்கள்? ரேஷன் அரிசி பதுக்குகிறேன் என்று எவரோ எழுதிப்போட்டு, ஒருநாள் அரசாங்க ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள்.

"இதுல என்ன ஏத்துறீக?"

"ஒண்ணும் ஏத்தல சார். அனுப்புறேன்."

"எதுல?"

டேட்டா கார்டைக் காட்டினேன். சுண்டுவிரல் அளவிலிருந்த அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒருவர் இன்னொருவரிடம் "இதுல ஒரு படி கூட அனுப்ப முடியாது" என்றார். கொஞ்சம் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரி. வீட்டுக்கு முன்பக்கமே கடை. பெண் பார்க்கப் போன அன்று, உள்ளே பஜ்ஜி வேகும் நேரத்தில், ஒரு தரகர் கொண்டுவந்த சரக்கை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து ஒரு காயை அழுத்தித் தேய்த்தார். துண்டில் பச்சை ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பேசாமல் சாக்கின் வாயைக் கட்டித் தரகரிடம் தள்ளினார்.

"சாயம், தம்பி" என்று என்னிடம் சொன்னார். "தேய்க்கவே வேணாம். எல்லாக் காயும் ஒரே பச்சையா இருந்தா அப்பவே கைய எடுத்துரணும். காட்டுல வெளையிறது அப்பிடி இருக்காது. ஒண்ணு வெளுத்திருக்கும், ஒண்ணு வெடிச்சிருக்கும்."

அன்றைக்கு நான் புதுச்சட்டை, புதுச்செருப்பு, புதுக் கைக்குட்டை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, துண்டைத் திரும்ப மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெண்ணோடு தனியாகப் பேச விட்டபோது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

"சென்னைல. ஆனா நான் பஸ்ல..."

"தினமும் சென்னைக்குப் பஸ்லயே போய்ட்டு வர்றீகளா?"

முகம் சிரிக்கவில்லை. இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியது. கட்டினால் இந்தப் புருவத்தைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவள் என்ன முடிவு செய்தாள் என்பது தெரியவில்லை. "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார்கள்.

தாய்மாமன் சென்னைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

டு லெட் சேதி வந்ததும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ அதைவிடப் பெரிய சந்தேகம். ஆபீஸைக் காலி செய்ததே எனக்குத் தெரியாது! ஊருக்கு வந்தபிறகு கம்பெனி ஆட்கள் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஒரு குரல் வைகிறது, மாசக்கடைசியில் சம்பளம் பேங்கில் விழுகிறது. யார் போடுகிறார்கள்? எதற்குப் போடுகிறார்கள்? நான் பார்த்து அனுப்புகிற பில்லையெல்லாம் உலகத்தில் எந்தக் கடையாவது போடுகிறதா? மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பினேன்: சார், நம் ஆபீஸ் எங்கே? பதில் ஒரே வரியில் வந்தது. "நீதான் ஆபீசுக்கு வரப்போறதில்லையே, அது எங்க இருந்தா உனக்கென்ன?"

இதை எடுத்துக்கொண்டு போய்ப் பெண் வீட்டில் காட்டவா முடியும்?

சித்தப்பா மட்டும் அசரவில்லை. "சென்னைல விசாரிக்க முடியாட்டி நம்ம ஊருக்குத்தான் விசாரிக்க வருவாக. வரட்டும். நான் பாத்துக்கிறேன், நீ கம்முனு இரு" என்றார். சித்தப்பா 'நான் பாத்துக்கிறேன்' என்று சொன்ன எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. அந்த பஸ்ஸே சாட்சி. ஆனாலும் கம்மென்று இருந்தேன்.

பெண்ணின் அப்பா ஒருநாள் தனியாக வந்தார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு என்னைப் பற்றி இழுத்திருக்கிறார். டீக்கடைக்காரர், கண்ணை ஒரு மாதிரி மேலே செருகிக்கொண்டு, "தங்கமான பையன். வெத்தலை பாக்குக் கூடப் போட மாட்டான். கம்ப்யூட்டர்ல பெரிய உத்தியோகம்" என்றிருக்கிறார். சலூன் கடையில் கேட்டிருக்கிறார். தங்கமான பையன், வெத்தலை பாக்கு, பெரிய உத்தியோகம். உரக்கடையிலும் அதே. வழியில் மாடு பத்திக்கொண்டு போன ஒருவரை நிறுத்திக் கேட்டால், அவர் மாட்டை விட்டுவிட்டு, கையைக் கட்டி நின்று, "தங்கமான பையன்..." என்று ஆரம்பித்தாராம். பெண்ணின் அப்பா முழுசாகக் கேட்காமலே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் சித்தப்பா பெருமையாக விசாரித்தார்: "நான் சொன்ன மாதிரியே சொன்னீகளா?"

"ஒரு வார்த்தை மாறலண்ணே."

எனக்கு அந்த வெள்ளைத் துண்டு கண்ணில் ஆடியது. எல்லாக் காயும் ஒரே பச்சை. "சித்தப்பா, நடுவுல ஒரு ஆளாவது என்னைத் திட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஏலே, உன்னைத் திட்டுறதுக்கு ஆளா இல்ல? எல்லாரு வாயையும் அடைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிருச்சு."

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸைத் திறக்கப் போனபோது படிக்கட்டில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர், தண்ணீர்ப் பாட்டில்.

"தம்பி, தப்பா நெனைக்காதீக. இன்னைக்குப் பூரா இங்கன உக்காந்து பாத்துட்டுப் போறேன்."

"எதப் பாக்கணும் மாமா?"

"நீங்க வேலை பாக்குறத."

பின்பக்க நீள சீட்டின் நடுவில் போய், துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு நேர் முதுகுப்புறம்.

நாம் வேலை பார்ப்பதை ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் அதற்குப் பிறகு வேலை பார்க்க முடியாது. வேலை பார்ப்பது மாதிரி நடிக்கத்தான் முடியும். என் வேலையில் முக்கால்வாசி திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதைப் பின்னாலிருந்து பார்த்தால் தூங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பயத்தில், கொத்துப் பரோட்டா போடுகிறவரைப் போலக் கீபோர்டில் தடதடவென்று தட்டினேன். என்ன அடித்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கம் நிறைந்ததும் அழித்தேன்.

"அழிச்சிட்டீகளே?" என்றது பின் சீட்டு.

"தப்பா அடிச்சுட்டேன் மாமா."

"அம்புட்டுமா?"

கையை எடுத்துவிட்டேன்.

"இப்ப என்ன செய்யிறீக?"

"யோசிக்கிறேன்."

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

வேறு வழியில்லாமல் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினேன். இது ஒரு மருந்துக்கடை பில். வாங்கின மாத்திரையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு சரியாக வருகிறதா, வாங்காததைத் திருப்பிக் கொடுத்தால் ஏமாந்து காசு கொடுத்துவிடுகிறதா என்று பார்க்கிறேன். அவர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"குத்தம் கண்டுபிடிக்கிறது."

"ஆமா மாமா."

"எங்க தொழில்தான்." முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. உடனே இறுகியது. "நீங்க சரியாப் பாக்குறீகளான்னு யாரு பாப்பா?"

அதுதானே எனக்கும் தெரியாதது.

மத்தியானம் திராட்சை பறிக்கிற பெண்கள் வழக்கம்போல நிழலுக்குப் பஸ்ஸில் ஏறித் தூக்குவாளியைத் திறந்தார்கள். புது ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "என்னங்கய்யா, பஸ்ஸு எப்ப எடுப்பாக?"

"தெரியல ஆத்தா" என்றார் அவர், கேரியரைத் திறந்துகொண்டே. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து நடித்ததில், மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக உட்கார்ந்தேன். சோற்றுவாளிகள் இறங்கிப் போயின. போன் அடித்தது. மேனேஜர்.

எழுந்து நின்றேன். ஹெட்போன் ஒயரை முந்தின வாரம் அணில் கடித்திருந்தது. பொத்தானை அமுக்கினால் ஸ்பீக்கரில்தான் பேச்சு வரும். வந்தது.

"மணி என்ன? உனக்கு எப்ப அனுப்பச் சொன்னேன்? அங்க கடைக்காரன் என் கழுத்துல கத்தி வச்சிருக்கான், நீ என்ன பண்ணிட்டு இருக்க? தூங்கிட்டியா? உன்னை நம்பி..."

ஒரு தகர டப்பாவுக்குள் இருப்பது போல பஸ் முழுக்க எதிரொலித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அந்த நேரம் பார்த்து, எனக்கு ஆதரவு கொடுக்க வந்த சித்தப்பா, வெளியிலிருந்தே கையை விட்டு ரப்பர் ஹாரனை இரண்டு அமுக்கு அமுக்கினார்.

"பாத்தியா! பஸ் ஹாரன்! எப்ப போன் பண்ணாலும் பஸ்! வீட்ல இருந்து வேலை பாருன்னு அனுப்பினா ஊரைச் சுத்திட்டு இருக்க. போதும்பா. அடுத்த வாரம் மூட்டையைக் கட்டிட்டுச் சென்னை வந்துரு. வர முடியலைன்னா சொல்லிரு, வேற ஆள் பாத்துக்கறேன்."

வேலையும் போச்சு, புருவமும் போச்சு. ஒரே போனில் இரண்டும்.

பின்னால் காலடி கேட்டது. ஓடுகிற பஸ்ஸில் வருகிறவரைப் போல மேல் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார். என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், வணக்கம். நீங்க சொல்றது தப்பு. இந்த பஸ்ஸு ஓடாது."

"யாருங்க நீங்க? கண்டக்டரா?"

"நான் பொண்ணு வீடு."

"எந்தப் பொண்ணு?"

"இவருக்குக் கொடுக்கலாமா வேணாமான்னு இருக்கிற பொண்ணு. பஸ்ஸுக்கு இஞ்சினே இல்லைங்க. தோட்டத்துல நிக்கிது. இதுதான் இவரு ஆபீசு. ஹாரன் அடிச்சது அவுக சித்தப்பா. நான் காலைல இருந்து பின் சீட்ல உக்காந்து பாக்குறேன், பையன் எந்திரிக்கவே இல்ல. ஒண்ணுக்குக் கூடப் போகல."

மேனேஜர் குரல் வேறு மாதிரி வந்தது. "இஞ்சின் இல்லையா?"

"கழட்டி வித்துட்டாகளாம். அது கிடக்கட்டும். சார், நானும் ஒண்ணு கேக்கணும். உங்க கம்பெனி நெசமாவே இருக்கா?"

"என்ன கேக்கறீங்க?"

"எங்க மச்சினன் நேர்ல வந்து பாத்தாப்ல. பூட்டிக் கிடக்கு. டு லெட் தொங்குது."

மேனேஜர் சிரித்தார். "வாடகை கட்டுப்படியாகலைங்க. இவனுக்கப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம். நானே இப்ப எங்க வீட்டுச் சமையக்கட்டுப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்." அதற்குச் சாட்சி போல அங்கே குக்கர் ஒரு விசில் விட்டது. கேன்டீன்!

"சரிங்க. பையன் எப்பிடி?"

என் கண்ணெதிரே, என் போனில், என்னை விசாரிக்கிறார். நான் கதவு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உண்மையைச் சொல்லட்டுங்களா? சோம்பேறி. சொன்ன நேரத்துக்கு எதுவும் வராது. வாய் ஜாஸ்தி. கிண்டல் பண்ணியே ரெண்டு பேரை அழ வச்சிருக்கான். ஆனா ஒண்ணுங்க. இவன் பாத்து சரின்னு சொல்லிட்டான்னா அதுல ஓட்டை இருக்காது. அதனாலதான் வச்சிருக்கேன்."

"பஸ்லயே வச்சுக்கிருவீகளா?"

"ஓடாத பஸ்தானே? இருந்துட்டுப் போகட்டும். நீங்க அப்பப்பப் பாத்துக்கங்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். குனிந்து பஸ்ஸின் அடியை ஒரு பார்வை பார்த்தார். மண்ணில் பாதி புதைந்திருந்த டயரைக் காலால் எத்தினார். சக்கரத்துக்கு மேலே ஏறியிருந்த திராட்சைக் கொடியை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்; அது வரவில்லை.

"ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டுப் போக முடியாதுல்ல?"

"முடியாது மாமா."

"சரி தம்பி. வேலையப் பாருங்க."

திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்ந்து, நான் லேப்டாப்பை மூடிய பிறகுதான் எழுந்தார். அப்போதும் 'தம்பி'தான். ஒரு முடிவும் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த சித்தப்பா "என்னப்பா ஆச்சு?" என்றார். "என்னைப் பத்தி ஒருத்தர் கேவலமாச் சொல்லிட்டாரு சித்தப்பா" என்றேன். "எவன்டா அவன்? நான் சொல்லி வைக்காத ஆளு?" என்று பதறினார்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் போன் அடித்தது. புது நம்பர். வழக்கம்போல எழுந்து நின்றேன்.

"நான்தான்" என்றது ஒரு பெண்குரல். "பள்ளிக்கூடத்துல இன்டர்வெல். அப்பா சரின்னுட்டாக."

"அவ்வளவு வசவைக் கேட்டுட்டா?"

"வசவக் கேட்டதனாலதான். சம்பளம் கொடுக்காதவன் இம்புட்டு உரிமையா வைய மாட்டான்னு சொன்னாக. உங்க ஊர்ல எல்லாரும் பாட்டு மாதிரி ஒண்ணையே சொன்னப்ப வேணாம்னுதான் இருந்தாக."

"அப்புறம் ஏன் கேரியரோட வந்தாக?"

"நான்தான் அனுப்பினேன். சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன். மத்தியானம் வரைக்கும் எழுதுற மாதிரி யாரு வேணா உக்காந்திருக்கலாம். பரீட்சை ஹால்ல எத்தனை பேரப் பாத்திருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் எம்மேல சந்தேகம்தானா?"

"சந்தேகம் இல்லாட்டி எதுக்கு விசாரிக்கணும்? பொய்தான்னு முடிவே பண்ணிருந்தா, டு லெட்னு மாமா சொன்ன அன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டு வேலையப் பாத்திருப்பேனே."

மணி அடித்தது, வைத்துவிட்டாள். அவள் சொன்னதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் ஓட்டை தெரியவில்லை. எனக்குத் தெரியாத ஓட்டை ஏதாவது இருக்குமோ என்று நிச்சயதார்த்தம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயம் போடியில் அவர்கள் வீட்டில். சித்தப்பா என்னை வேறு சட்டை போடவிடவில்லை. தேனியில் அவரே தேடி எடுத்தது, நல்ல கரும்பச்சை, "பொண்ணு வீட்டுத் தொழிலுக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார். சித்திரை வெயில். கூடத்தில் கூட்டம். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. தட்டு மாற்றுகிற நேரத்துக்கு எனக்குக் கழுத்திலிருந்து வேர்வை ஊற்ற ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கழுத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். துண்டு முழுக்கப் பச்சை.

தாய்மாமன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாற்றுவதா கீழே வைப்பதா என்று மச்சானின் முகத்தையே பார்த்தார். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உள் வாசலில் அந்த இடது புருவம் ஏறி நின்றது.

அவர் துண்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தேய்த்துப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"சட்டை யாரு எடுத்துக் கொடுத்தது?"

"சித்தப்பா."

"அதானே பாத்தேன்" என்றார். துண்டை மடித்து மச்சினனிடம் கொடுத்தார். "உள்ள என் சட்டை ஒண்ணு மடிச்சு வச்சிருக்கு. நல்ல நேரம் போறதுக்குள்ள அதப் போட்டுட்டு வாங்க, மாப்ள."